பனங்காணியைச் சீவலுக்குக் கொடுத்தால் மரம் கெடுமா?

பூநகரியான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வட இலங்கையின் பூநகரியில் எங்கள் தந்தைவழிக் காணி ஒன்று இருக்கிறது. இடப்பெயர்வுக் காலத்தில் பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த அந்தக் காணியில், பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டவை போக, ஐம்பதுக்கு மேற்பட்ட முதிர்ந்த பனைகளும் அவற்றின் அடியில் தாமாக முளைத்த வடலிகளும் (இளம் பனைகளும்) நிற்கின்றன. இதுவரை காவோலை (காய்ந்த ஓலை) விழுத்துவதும் பனம்பழம் பொறுக்குவதும் தவிர அந்த மரங்களிலிருந்து நாங்கள் வேறெதுவும் எடுத்ததில்லை. இப்போது அயலில் சீவல் தொழில் (பாளையைச் சீவிக் கள் இறக்குவது) செய்யும் ஒருவர், தை பிறந்ததும் பாளை கட்டத் தொடங்க விரும்புவதாகவும், மரக்கணக்கில் ஓராண்டுக் குத்தகை தருவதாகவும் கேட்டிருக்கிறார்.

வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. ஆண்டுதோறும் சாற்றை இறக்கினால் உச்சியில் ஓலைகள் நிற்கும் வட்டுச் சிறுத்து மரம் நாளடைவில் பட்டுப்போகும் என்பது அண்ணரின் பயம். அம்மாவுக்கோ பழமும் பனங்கிழங்கும் இல்லாமற் போய்விடும் என்ற கவலை. காய்ந்த பனங்கிழங்கில் இடிக்கும் ஒடியல் மாவைக் கடையில் வாங்கிக் கூழ் காய்ச்சும் நிலை வரக்கூடாது என்கிறார். அதோடு, இறக்குவதானால் கள்ளாக இறக்காமல் புளிக்காத இனிப்புச் சாறான கருப்பநீராக இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுவதே மரத்துக்கும் ஊருக்கும் நல்லது என்றும் சொல்கிறார். எனக்கு இதில் அனுபவம் இல்லை. சீவுவதால் மரத்துக்கு உண்மையில் என்ன நடக்கிறது, எல்லா மரங்களையும் கொடுக்கலாமா, குத்தகை பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றைத் தொழில் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

கண்டாவளை முதியவர் எழுதியது:

தம்பி, பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நீண்டகாலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அண்ணரின் பயம் பலருக்கும் உண்டு. ஆனால் பனையில் சாறு எடுப்பது மரத்தின் உடலைத் துளைத்து அல்ல. பூவாகவும் காயாகவும் போக இருந்த சத்தைப் பாளையின் நுனியில் வழிமறித்து எடுக்கிறோம், அவ்வளவுதான். ஒரு பெண்பனை சீவப்படாமல் நின்றாலும் அந்தச் சீனியைப் பழத்துக்காகச் செலவழித்தே தீரும். அதனால்தான் பாட்டன் காலத்திலிருந்து சீவப்பட்டுவரும் மரங்கள் இன்றும் பாளை தள்ளிக்கொண்டு நிற்பதை எங்கள் பகுதியில் காணலாம்.

தொழில் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே கேடு வரும் என்பது தானாக விளங்கும். ஆண்பனையில் பாளை வெளிவந்து பூ விரியுமுன், விரல்போல் நீண்டிருக்கும் கதிர்களைச் சேர்த்து நாரால் கட்டுவார்கள். பெண்பனையில் பிஞ்சு முற்றுமுன் பாளையைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரித்தோ மெல்லத் தட்டியோ பதப்படுத்துவார்கள். இந்தத் தட்டலில்தான் கைப்பழக்கம் தெரியும்: பலமாக அடித்தால் பாளை கன்றிக் கறுத்துவிடும், போதாமல் தட்டினால் சாறு இறங்காது. சில நாட்கள் இப்படித் தட்டி, நுனியைச் சிறிது சிறிதாகச் சீவிவர, வெட்டுமுகத்தில் ஈரம் கசிந்து, பிறகு துளியாகி, ஒரு வாரமோ அதற்குச் சற்று மேலோ கழிந்தபின் முட்டி (சாறு பிடிக்கும் மண்கலம்) கட்டும் அளவுக்கு ஓடத் தொடங்கும். அதன்பின் காலையும் மாலையும் ஏறி, முட்டியை இறக்கி ஊற்றி, வெட்டுமுகத்தைப் புதுப்பித்து, மீண்டும் கட்டிவிட்டு இறங்க வேண்டும். ஒருவேளை ஏறத் தவறினாலும் வெட்டுமுகம் காய்ந்து அடைபட்டுவிடும். அதைத் திரும்ப ஓடவைக்க நாட்கள் செல்லும். நல்லநாள் பெரியநாள் பாராத தொழில் இது.

நீங்கள் மரத்தில் ஏறிப் பார்க்கத் தேவையில்லை. மரத்தின் அடியில் விழுந்து கிடக்கும் சீவல்களை எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபுறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால், அந்தத் தொழிலாளியின் கத்தியும் பொறுமையும் நல்லவை என்று கொள்ளலாம். தடித்த துண்டுகளாகக் கிடந்தால், அவர் அவசரப்பட்டுப் பாளையைத் தின்றுகொண்டு போகிறார் என்று பொருள். அப்படிச் சீவினால் பல வாரங்கள் ஓடவேண்டிய பாளை பாதியில் முடிந்துவிடும், ஆளும் அடுத்த பாளைக்கு முந்துவார். மணலிட்ட பலகையில் கத்தியை நெடுநேரம் தீட்டிவிட்டு முழங்கை மயிரில் வைத்துப் பார்த்த பின்னரே மரத்தைத் தொடும் முதியவர்களை நான் அறிவேன். அவர்களிடம் கொடுத்த மரம் கெட்டதாக யாரும் முறையிட்டதில்லை.

இனி, கேடு எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் ஓலையிலிருந்துதான். வட்டில் முப்பது, நாற்பது ஓலைகள் நிற்கும். ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதினான்கு அளவிலேயே புதியவை வரும். பாளைக்கு வழி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பச்சை ஓலைகளை வெட்டி, அதை வேலிக்கும் மாட்டுக்கும் விற்பவர்கள் உண்டு. வருவதைவிடக் கூடுதலாக வெட்டினால் வட்டுச் சிறுக்கத்தான் செய்யும். பழி மட்டும் கள்ளின்மேல் விழும். உங்கள் அண்ணர் எங்கோ கண்டு பயந்ததும் அப்படிப்பட்ட மரமாகத்தான் இருக்க வேண்டும். மற்றது, பனைக்குத் தென்னையைப் போலவே காயம் ஆறாது. வேம்பிலும் மாவிலும் வெட்டினால் பட்டை வளர்ந்து மூடும், பனையின் அடிமரத்தில் கொத்திய படி அது சாகும்வரை அப்படியே இருக்கும். ஆகையால் படி கொத்துவதற்கோ ஆணி அடிப்பதற்கோ ஒருபோதும் இடம் கொடுக்க வேண்டாம். காலில் தளைநார் போட்டு ஏறுபவருக்கு அது தேவையும் இல்லை. குருத்தின் பக்கத்தில் வெட்டுக்காயம் பட்டால் அந்த வாசத்துக்குக் கூன்வண்டு வந்து முட்டையிடும். பனைக்கு இருப்பது ஒரே குருத்து என்பதால், அது போனால் மரம் போயிற்று.

எல்லா மரத்தையும் ஒரே ஆண்டில் கொடுக்காமல், ஒரு பகுதியை மாறிமாறி ஆறவிடுவது பழைய வழக்கம். கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் அது நல்லது.

---

வவுனியா ஆசிரியர் எழுதியது:

மேலே எழுதிய பெரியவர் தொழிலின் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் உயிரியல் கற்பிப்பவன் என்பதால், ஏன் பனை இதைத் தாங்குகிறது என்பதையும், முட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சற்றுச் சேர்க்கிறேன்.

கள் எடுக்கப்படும் மரங்கள் எல்லாம் ஒரே இயல்பு உடையவை அல்ல. பனையும் தென்னையும் பருவத்துக்கு வந்தபின் வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் பூப்பவை. தென்பகுதியில் சீவப்படும் கித்துள் மரம் அப்படியன்று: அது வளர்ந்து முடிந்தபின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வரிசையாகப் பாளை தள்ளி, கடைசிப் பாளையோடு தானும் இறந்துவிடும், சீவினாலும் சீவாவிட்டாலும் அதன் முடிவு அதுதான். மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாகக் கானாவில், எண்ணெய்ப் பனையை வேரோடு சாய்த்து, கிடக்கும் மரத்தின் குருத்தடியில் குழி வெட்டிச் சில வாரங்கள் சாறு எடுக்கும் முறை பரவலாக இருக்கிறது. அங்கே கள் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மரம் பலியாகிறது. நிற்கும் மரத்தின் பாளையைச் சீவும் எங்கள் முறையை அந்த முறையோடு சேர்த்து, கள் என்றாலே காட்டழிவு என்று இணையத்தில் எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பாளையிலிருந்து சொட்டும்போது சாறு புளிப்பற்றது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் சீனி கொண்டது. பெரும்பாலும் அது கரும்பில் இருக்கும் அதே சீனிதான். முட்டியில் விழுந்த கணத்திலேயே நொதித்தல் தொடங்கிவிடுகிறது. காற்றிலும், வெட்டுமுகத்திலும், தேனீக்களின் காலிலும் இருக்கும் மதுவங்கள் (ஈஸ்ட்) அதற்குப் போதும் என்றாலும், முதல்நாள் கள்ளின் மண்டி ஊறிய மண்முட்டியின் நுண்துளைகள்தான் முக்கியமான உறை. மதுவத்தோடு பற்றீரியாக்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. சில அமிலத்தைத் தந்து கள்ளுக்கு அந்தப் புளிப்பையும் வழுவழுப்பையும் கொடுக்கின்றன. சீனி முழுவதும் புளித்துத் தீர்ந்தால் ஆறு, ஏழு வீதம் மதுசாரம் கிடைக்க வேண்டும். ஆனால் புதுச்சாறு தொடர்ந்து விழுந்துகொண்டே இருப்பதாலும், ஒரு பகுதி அமிலமாவதாலும், குடிக்கும் கள்ளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். காலையில் இறக்கிய கள் மாலைக்குள் உறைத்து, மறுநாள் புளித்து, பிறகு வினாகிரியாகிவிடும். இதனால் கள் இயல்பாகவே தூரம் போகாத பண்டம். இறக்கிய ஊரிலேயே அன்றன்று முடிய வேண்டியது. போத்தலில் அடைத்துச் சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொன்றால்தான் அது கடல்கடந்து போகும். வடிசாலைகளுக்குக் கள் போவதும், மிஞ்சியதை வீணாக்காமல் சாராயமாக வடிப்பதற்கே.

கருப்பநீருக்கு முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவார்கள். சுண்ணாம்பின் காரத்தில் மதுவம் பெருக முடியாது. சாறு இனிப்பாகவே இறங்கும். ஆகவே கள்ளும் கருப்பநீரும் மரத்துக்கு ஒன்றே. உங்கள் அம்மா சொல்வதுபோல் ஒன்று மரத்துக்கு நல்லது, மற்றது கேடு என்பதற்கு இடமில்லை. ஊருக்கு எது நல்லது என்பது வேறு கேள்வி.

---

முள்ளியவளை அக்கா எழுதியது:

தம்பி, அந்த வேறு கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நாங்கள் பருவத்துக்குப் பருவம் பனங்கட்டி காய்ச்சும் குடும்பம். உங்கள் அம்மாவின் விருப்பம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் பனங்கட்டியைப் பற்றிப் பேசுபவர்கள் அடுப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆசிரியர் சொன்ன கணக்குப்படி பார்த்தால், ஒரு கிலோ பனங்கட்டிக்கு எட்டு லீற்றர் அளவில் கருப்பநீர் வேண்டும். ஏழு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். திறந்த மூன்றுகல் அடுப்பில் காய்ச்சினால் ஒவ்வொரு கிலோவுக்கும் ஐந்தாறு கிலோ காய்ந்த விறகு எரிந்துவிடும். முல்லைத்தீவுப் பக்கத்தில் அந்த விறகு எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு காட்டை அடுப்புக்குள் தள்ளுவதில் நியாயம் இல்லை. நாங்கள் மூடிய அடுப்புக் கட்டிய பிறகு, பெரும்பாலும் பனையின் மட்டை, கொக்கறை, பன்னாடை, ஊமல் ஆகியவற்றையே எரிக்கிறோம். காணிக்குள்ளேயே விழுவது காணிக்குள்ளேயே போதுமானதாக இருக்கும் அளவுக்கு மட்டும் காய்ச்சுகிறோம். மிச்ச மரங்கள் கள்ளுக்குப் போகின்றன. கள்ளுக்கு ஒரு சுள்ளியும் எரிக்கத் தேவையில்லை.

காய்ச்சுவதும் இலகுவான வேலை என்று எண்ண வேண்டாம். சுண்ணாம்பு கூடினால் கட்டி கறுத்துக் கசக்கும். குறைந்தால் சாறு முட்டியிலேயே புளிக்கத் தொடங்கிவிடும், அதை எவ்வளவு நேரம் கிண்டினாலும் பாணியாகவே நிற்கும், ஓலையில் இழைத்த குட்டானில் ஊற்றினாலும் இறுகாது. அதிகாலையில் இறக்கியதை வெயில் ஏறுமுன் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். மேலே வரும் நுரையை விடாமல் அள்ளிக்கொண்டிருக்க வேண்டும். பதம் பார்க்கக் குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டால், அது கலையாமல் விரலுக்குள் உருண்டு வரவேண்டும். வீட்டில் இதற்கு நிற்க ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். உங்கள் அம்மாவையே நிறுத்துவதானால் அவருடைய சம்மதத்தையும் முழங்கால்களையும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பழம் பற்றி அவர் சொல்வதுதான் எல்லாவற்றிலும் சரியானது என்பது என் எண்ணம். இதை மேலே எழுதிய இருவரும் தொடவில்லை. பெண்பனையின் பாளைகளை எல்லாம் சீவினால் நுங்கு இல்லை, பழம் இல்லை, பழக்களியைக் காயவைத்த பினாட்டு இல்லை, விதை இல்லை. விதை இல்லாவிட்டால் கிழங்கும் இல்லை, வடலியும் இல்லை. சீவியதால் பனை சாகாது என்பது உண்மை. ஆனால் பிள்ளையில்லாத தோப்பாக அது நிற்கும், ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்தக் குறை தெரியும். எங்கள் பக்கத்தில் ஷெல்லடியிலும் பதுங்குகுழிக்குத் தறித்ததிலும் இழந்த மரங்களுக்கு இன்னும் ஈடு வரவில்லை. ஆகவே ஆண்பனைகளைக் கொடுங்கள். பெண்பனைகளில் நல்ல பழமுள்ளவை எவை என்பதை அம்மாவே காட்டட்டும். அவற்றில் கத்தி படக்கூடாது. மிச்சப் பெண்பனைகளிலும் ஒன்றிரண்டு பாளையைப் பழத்துக்கு விடும்படி கேளுங்கள்.

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கள்ளினால் சீரழிந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்; அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் தவறணை (கள்ளுக்கடை) மூடிக்கிடந்த காலங்களில் ஊரில் குடி குறைந்ததையும் நான் பார்க்கவில்லை, கள்ளச்சாராயமான கசிப்புத்தான் வந்தது. இரண்டில் எது பெண்களுக்குக் கூடுதலான துன்பம் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் கசிப்பு என்பேன்.

---

சீவல் தொழிலாளியின் மகன் எழுதியது:

மேலே உள்ளவற்றையெல்லாம் வாசித்தேன். மரத்தைப் பற்றி எல்லோரும் அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். மரத்தில் ஏறுபவரைப் பற்றி எவரும் அதிகம் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். என் தந்தையார் கிளிநொச்சிப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழில் செய்தவர்; நான் செய்யவில்லை.

கண்டாவளை ஐயா, தடித்த சீவல் கிடந்தால் தொழிலாளி அவசரக்காரர் என்று சொல்கிறீர்கள். அவர் ஏன் அவசரப்படுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காணிக்காரர் ஓராண்டுக்குத்தான் குத்தகை கொடுக்கிறார். அடுத்த ஆண்டு யார் கூடக் கொடுக்கிறாரோ அவருக்கு மரம் போய்விடும். இந்த ஆண்டு ஆறவிட்ட மரத்தின் பலன் அடுத்த ஆண்டு வேறொருவரின் முட்டியில் விழும் என்றால், எந்த மனிதன் ஆறவிடுவான்? என் தந்தையார் ஒரே வளவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சீவினார். அந்த மரங்களின் குணம் அவருக்கு வீட்டு மாடுகளின் குணம்போலத் தெரியும்: எந்த மரம் முந்தும், எது பிந்தும், எதற்கு வலப்பக்கப் பாளை நன்றாக ஓடும் என்றெல்லாம் சொல்வார். பெண்பனைகளில் பழத்துக்கென்று அவரே பாளை விட்டுவிடுவார். யாரும் அவரிடம் கேட்டதில்லை. மரம் தொடர்ந்து தன்னிடம் இருக்கும் என்ற நம்பிக்கை இருந்ததால் அப்படிச் செய்தார். பிறகு காணி கைமாறியது. புதியவர் ஆண்டுக்கு ஆண்டு ஏலம் விட்டார். அந்தத் தோப்பை இப்போது போய்ப் பார்த்தால் தெரியும்.

ஆகவே பூநகரி அண்ணை, பேசுவதானால் ஐந்தாண்டுக்குக் குறையாமல் பேசுங்கள். எழுத்தில் போடுங்கள். அக்கா சொன்ன பழமரங்களைச் சுண்ணாம்பால் அடையாளமிட்டு விலக்குங்கள். பச்சை ஓலை வெட்டக்கூடாது என்றும், காவோலை யாருக்கு என்றும் அதிலேயே எழுதுங்கள். பணமாக மட்டும் வாங்காமல், சில மரங்களை உங்கள் பங்காக விட்டு, அவற்றில் கருப்பநீர் இறக்கித் தரும்படி கேட்டால் அம்மாவின் விருப்பமும் ஓரளவு நிறைவேறும். மழையோ காய்ச்சலோ அவரை ஏறவிடாத மாதங்களுக்குக் குத்தகையைக் குறைப்பதாக ஒரு வரி இருந்தால், மாரியில் வழுக்கும் மரத்தில் அவர் உயிரைப் பணயம் வைக்கமாட்டார். விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த என் மாமனாரின் குடும்பத்துக்கு, அவர் சீவிக்கொடுத்த காணிக்காரரிடமிருந்து ஒரு மாதச் செலவுகூட வரவில்லை. தொழிலாளி சங்க அங்கத்தவராக இருக்கிறாரா, அங்கே விபத்துக் காப்புறுதிக்கு வழி இருக்கிறதா என்று நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள். கள்ளை அவர் சங்கத்துக்கோ அனுமதியுள்ள தவறணைக்கோதான் கொடுக்க வேண்டும். காணிக்குள் வைத்து விற்றால் மதுவரித் திணைக்களத்தின் வழக்கு அவருக்கும் வரும், உங்களுக்கும் வரும்.

நான் ஏன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். வருமானம் போதாது என்பது ஒரு காரணம். ஓலைப் பிளாவில் கள்ளை வாங்கிக் குடித்துவிட்டு, அதை இறக்கியவரை வீட்டுப் படலைக்கு வெளியே நிற்கவைத்துப் பேசியவர்கள் மறு காரணம். பனை வளத்தைக் காப்பதற்கென்று 1978ஆம் ஆண்டு பனை அபிவிருத்திச் சபையே அமைத்திருக்கிறார்கள், விதை நடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் இப்போது நடும் விதை பாளை தள்ள இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அப்போது ஏறத் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? சீவாத தோப்பை வருமானமில்லாத தோப்பு என்று வீட்டுத்திட்டத்துக்கும் வயலுக்கும் தறித்துவிடுகிறார்கள். சீவலால் அழிந்த பனையைவிடச் சீவல்காரர் இல்லாததால் அழிந்த பனைதான் கூட என்பது நான் கண்ட அளவில் உண்மை.

---

கண்டாவளை முதியவர் எழுதியது:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சங்கத்தில் இருந்த காலத்தில் மரங்களின் கணக்கை ஆண்டுக்கு ஆண்டு எழுதினோமே தவிர, அதே மரம் அதே ஆளிடம் இருக்கிறதா என்று பதிந்துவைக்கவில்லை. ஐந்தாண்டு என்பதை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் முதல் ஆண்டை ஒரு பரீட்சையாக வைத்துக்கொள்ளும் உரிமை காணிக்காரருக்கு இருக்க வேண்டும். கத்தி பிழையான ஆளிடம் ஐந்தாண்டுக்கு மரத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டு அழுவதிலும் பயனில்லை.

---

பூநகரியான் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவற்றை வீட்டில் வாசித்துக் காட்டினேன். பழமரங்களைத் தானே அடையாளமிடுவதாக அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். முதல் ஆண்டுக்குப் பிறகு நான்கு ஆண்டுகளுக்கு நீடிக்கும் வகையில் எழுத்தில் ஒப்பந்தம் செய்வதென்றும், பச்சை ஓலையில் கைவைப்பதில்லை என்றும் தொழிலாளியிடம் பேசியிருக்கிறேன். நான்கு ஆண்டு என்றதும் அவர் கேட்ட முதற் கேள்வி, எந்தெந்த மரத்தை ஆறவிட விரும்புகிறீர்கள் என்பதுதான். பங்கு மரங்களில் கருப்பநீர் இறக்கித் தரவும் சம்மதித்தார். மூடிய அடுப்புக் கட்டிய பின்னரே காய்ச்சுவதாக உள்ளோம்.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. அடியில் முளைத்திருக்கும் வடலிகள் சில இடங்களில் புதராக நெருங்கி நிற்கின்றன. ஆண் வடலிகளை மட்டும் ஐதாக்கி, பெண் வடலிகளை விட்டுவைக்கலாமா?

---

முள்ளியவளை அக்கா எழுதியது:

அப்படிப் பிரிக்க வழியே இல்லை, தம்பி. முதல் பாளை வந்தால்தான் ஆணா பெண்ணா என்பது தெரியும். அதுவரை அனுபவசாலிகள் சொல்வதெல்லாம் ஊகம்தான். ஆண், பெண் என்று பார்க்காமல் பத்து அடிக்கு ஒன்று நிற்கும்படி, நேராகவும் செழிப்பாகவும் உள்ளதை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். எடுப்பதையும் வீசவேண்டாம், இளம் வடலியின் குருத்தோலை பெட்டி இழைக்க நல்லது. வெறுமையாகக் கிடக்கும் பக்கத்தில் புது விதையை ஆவணி, புரட்டாசிக்குள் இட்டுவிடுங்கள், மாரி மழையே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கிழங்குக்காகப் பாத்தி போடும் இடத்தை அதிலிருந்து தனியாக வையுங்கள். தைக்குப் பிறகு கிழங்கு பிடுங்க வரும் பிள்ளைகளுக்கு எது நட்ட விதை, எது கிழங்கு விதை என்ற வித்தியாசம் தெரியாது. முதல் சில ஆண்டுகளுக்கு மாடு வராமல் அடைத்து, கோடையில் சருகைக் கூட்டி எரிக்காமல் இருந்தாலே போதும்.